பாய்லர் ஐயா கண் திறக்கும்வரை

திருச்சியில் தூங்கியே மற்றவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுத்த ஒரே மனிதர் பாய்லர் ஐயா. விழித்திருந்து கற்றுக்கொடுத்தவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. அவர்களிடம் படித்தவர்களின் பிரசங்கங்களையும் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

அப்போது நான் கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு, பாலக்கரையில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்த பயிற்சி மையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சின்னச் சின்ன சபைகளை நடத்துகிறவர்களுக்கு ஆன்லைனில் இறையியல் பாடம். பெயின்டர், டெய்லர், ஆட்டோ ஓட்டுகிறவர் என்று எல்லோரும் வாரம் முழுக்க உழைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்கிறவர்கள். வேலையை விட்டுவிட்டுத் தூரத்துக் கல்லூரியின் விடுதியில் தங்கிப் படிக்க அவர்களால் முடியாது. அதனால் கல்லூரியே வீடியோவாக அவர்களுடைய போனுக்கு வரும். ஆனால் வீடியோ தோளில் தட்டாது, முகத்தைப் பார்த்து "என்னப்பா ஒரு மாதிரி இருக்கே?" என்று கேட்காது. அதற்காக ஊருக்கு ஊர் ஒரு மென்டர். வாராவாரம் நேரில் சந்தித்து, கடைசியில் "இவர் ஒரு சபையைப் பார்த்துக்கொள்வார்" என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். திருச்சிக்கு வாய்த்தவர் பாய்லர் ஐயா.

கைலாசபுரம் தொழிற்சாலையில் பாய்லர் செய்யும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய சொந்தப் பெயரைப் போட்டு எங்கள் சிஸ்டத்தில் யார் தேடினாலும், இது யாரோ வேறு ஆள் என்று மூடிவிடுவார்கள். அதனால் "பாய்லர்" என்று அடித்தாலே வரும்படி நான் மாற்றிவைத்தேன்.

அவரிடம் மூன்று விசேஷங்கள். ஒன்று, சட்டைப் பையில் எப்போதும் சீப்பு இருக்கும், தலையில் முடி இருக்காது. இரண்டு, யாரைப் பார்த்தாலும் "ஸ்தோத்திரம், சாப்டாச்சா?" என்று ஒரே மூச்சில் கேட்பார். மூன்று, சத்தம் கேட்டால் தூங்கிவிடுவார்.

நம் எல்லோருக்கும் அமைதியில்தான் தூக்கம் வரும். ஐயாவுக்கு நேர்மாறு. இத்தனை வருடம் மிஷின்களுக்கு நடுவே இருந்த காதுக்கு இரைச்சல்தான் தாலாட்டு. மின்சாரம் போய்க் கீழ்க்கடையில் ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தால், பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தின் நடுவிலேயே கண்கள் மூடிக்கொள்ளும். மின்சாரம் வந்து ஜெனரேட்டர் நின்றதும், விட்ட சொல்லில் இருந்து அதே வாக்கியத்தைத் தொடர்வார். ஒருமுறை எல்லா ஊர் மென்டர்களும் கலந்துகொண்ட ஆன்லைன் கூட்டத்தில் அப்படித்தான் ஆயிற்று. கல்லூரி இயக்குநர் நெகிழ்ந்துபோய், "திருச்சி ஐயா ஜெபத்துல இருக்காங்க, தொந்தரவு பண்ண வேண்டாம்" என்றார். குறட்டை கிளம்பியதும் நான் மியூட் செய்தேன். எனக்குக் கொடுத்த வேலைப் பட்டியலில் அது இல்லை. ஆனால் நான் ஒருநாளும் தவறவிடாத வேலை அதுதான்.

அந்தத் தூக்கத்துக்குள் ஒரு ஒழுங்கு இருப்பது பெயின்டர் யோபு அண்ணன் வந்த நாளில்தான் எனக்குப் புரிந்தது. அண்ணன் எங்கள் சின்ன அறையில், எதிரே பெரிய மைதானமே இருப்பதுபோல் முழங்கினார். கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. ஐயா நாற்காலியில் அழகாகச் சாய்ந்து தூங்கிப்போனார். அண்ணனுக்கு முகம் தொங்கிவிட்டது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி என் பக்கம் திரும்பி, "எனக்கு வரல சிஸ்டர். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் மேடை ஏறும்போது பயமா இருக்கு. நான் சொல்றத நானே நம்புறேனான்னு சந்தேகமா இருக்கு" என்றார், ஏறக்குறைய முணுமுணுப்பாக.

ஐயா கண்ணைத் திறந்தார். "இத, இத முதல்ல உன் சபைக்காரங்ககிட்ட சொல்லு. மத்ததெல்லாம் அப்புறம்."

அன்றைக்கே ஐயா ஒரு முடிவெடுத்தார். இனி தேர்வு பயிற்சி அறையில் இல்லை, ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில்.

"ஏன் ஐயா, ரூம்லயே செய்யலாமே? ஃபேன் இருக்கு" என்றேன்.

"அமைதியான ரூம்ல நான் எல்லாருக்கும் முழிச்சிருப்பேம்மா. அப்புறம் யாரு பேசுறா, யாரு சத்தம் போடுறான்னு எனக்கு எப்படித் தெரியும்? பஸ்ஸுன்னா ஏறுன உடனே தூங்கிருவேன். என்னை எழுப்புறவங்க பாஸ்."

தேர்வு முறைகளைப் பற்றி நான் படித்ததில் இப்படி ஒன்று இல்லை. ஆனாலும் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. பாலக்கரையில் ஏறுவார்கள். ஐயாவுக்கு ஜன்னலோரம். மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து, பக்கத்து சீட்காரருக்குத் தொந்தரவு இல்லாத குரலில் பிரசங்கத்தைச் சொல்ல வேண்டும். ராஜகோபுரம் வருவதற்குள் ஐயா கண் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் ஸ்ரீரங்கத்தில் ஒரு காபி, திரும்பும் பஸ்ஸில் இன்னொரு வாய்ப்பு. கண்டக்டருக்குக்கூட மாணவர்களின் தேர்ச்சி விவரம் மனப்பாடம். "என்ன யோபு, இன்னைக்காவது எழுப்புவியா, இல்ல நான் விசில் அடிக்கவா?" என்று கேட்டபடியே டிக்கெட் கிழிப்பார்.

ஒவ்வொருவராக எழுப்பினார்கள். டெய்லர் எழுப்பினார், ஆட்டோக்காரர் எழுப்பினார், யோபு அண்ணன் இரண்டு முறை எழுப்பினார். எழுப்ப முடியாதவர் எப்சி அக்கா ஒருவர்தான்.

எப்சி அக்கா மணப்பாறைக்காரர். முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறவர். அவருடைய கணவர் வீட்டுக் கூடத்தில் தொடங்கிய சின்ன சபையை, கணவர் இறந்த பிறகு அக்காதான் விளக்கு அணையாமல் வைத்திருந்தார். ஆனால் சபைக் கமிட்டியில் இருந்த சில ஆண்களுக்கு அது உறுத்தியது. "படிப்பை முடிச்சு சர்ட்டிபிகேட்டோட வந்தா பாப்போம். இல்லன்னா இந்த ஈஸ்டரோட வெளியூர்லேருந்து ஒரு பாஸ்டரைக் கொண்டாந்திருவோம்" என்று சொல்லிவிட்டார்கள். வெளியூர்க்காரர் வந்தால் சபை கூடத்தைவிட்டுப் போய்விடும். கணவர் தன் கையால் பெயின்ட் அடித்த அந்த நீலச் சுவருக்கு எதிரே உட்கார யாரும் வரமாட்டார்கள். அக்கா இதையெல்லாம் அழாமல்தான் சொன்னார், மிக வேகமாகவும் சொன்னார்.

வேகம்தான் அவருடைய பிரச்சினை. பிரசங்கம் செய்தால் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஓடும். "ஆறுதல்னாஎன்னஆறுதல்னா துக்கத்துலஇருக்கவங்களோட..." அவர் சொல்லும் ஆமென், தும்மல் மாதிரி முடிந்துவிடும். பஸ்ஸின் இரைச்சலோடு இன்னொரு இரைச்சலாக அது சேர்ந்துகொள்ள, ஐயா மற்றவர்களிடம் தூங்கியதைவிட ஆழமாகத் தூங்கினார்.

காரணத்தை நான் சிஸ்டத்தில் கண்டுபிடித்தேன். அக்கா எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து, எல்லா வீடியோக்களையும் இரண்டு மடங்கு வேகத்தில் பார்த்திருக்கிறார். மாவு முடிவதற்குள் பாடமும் முடிய வேண்டும் அல்லவா? பிரசங்கம் என்றால் அப்படித்தான் செய்வார்கள் போல என்று அதே வேகத்தைப் பழகிவிட்டார். நான் ஒரு வீடியோவை இயல்பான வேகத்தில் போட்டுக் காட்டினேன். அக்கா பதறிவிட்டார்.

"யாருங்க சிஸ்டர் இது? எங்க சார் சுறுசுறுப்பா பேசுவாரே. இவருக்கு உடம்பு சரியில்லையா?"

"இதுதான்க்கா அவரோட நிஜமான பேச்சு."

"ஐயோ பாவம், இவ்வளவு நேரமா ஒரு பாடம் எடுக்குறாரு!"

அக்காவின் கடைசித் தேர்வு வந்தது. இந்த முறை கல்லூரியில் இருந்து ஒரு தேர்வாளர் போனில் நேரலையாகப் பார்ப்பார். எங்கள் மென்டர் பஸ்ஸில் வைத்துத் தேர்வு நடத்துகிறார் என்று அவரிடம் சொன்னேன். "களப்பணின்னு எடுத்துக்கிறேன்" என்றார்.

வெயில் தணியத் தொடங்கிய நேரத்தில் ஏறினோம். முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்து நான் போனைப் பிடித்துக்கொண்டேன். காவிரிப் பாலத்தில் சிக்னல் போகும் என்பதால் தனியாகப் பதிவும் செய்தேன். ஐயா சத்திரம் பஸ் ஸ்டாண்டு தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். எப்சி அக்கா ஆரம்பித்தார். தலைப்பு, ஆறுதல். மூன்று பாயிண்ட். முதல் பாயிண்ட் முறுக்கு பிழிவதுபோல் இடைவெளியில்லாமல் வந்தது. "மென்டர் தூங்குறாரே?" என்று போனுக்குள்ளிருந்து தேர்வாளர் கவலைப்பட்டார். அதற்குள் பஸ் பாலத்தில் ஏறியது. அவர் முகம் அப்படியே உறைந்து நின்றது. சிக்னல் போய்விட்டது.

பாலத்தின் நடுவில் எனக்கு எப்போதும் நேரம் கரைவதுபோல் இருக்கும். பின்னால் மலைக்கோட்டை மெல்ல மங்கிக்கொண்டு போகும், முன்னால் தென்னைகளுக்கு மேல் கோபுரம் மிதந்து வரும், இரண்டுக்கும் நடுவே காவிரி எந்த ஊருக்கும் சொந்தமில்லாத வெளிச்சத்தோடு கிடக்கும். காற்று வந்ததும் பஸ்ஸே அரைத்தூக்கத்தில் இருப்பதுபோல் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்த அமைதியில்தான் கேட்டது. அக்காவுக்கு அந்தப் பக்கத்து சீட்டில் பச்சைப் புடவை கட்டிய பெண் ஒருவர், மடியில் பெரிய ஸ்கேன் கவரோடு, மெல்ல விசும்பிக்கொண்டிருந்தார்.

அக்கா வாக்கியத்தின் பாதியில் நின்றார்.

"ஏங்க, என்னாச்சு?"

"ஒன்னுமில்லக்கா. தங்கச்சியை ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. இதப் பாத்துட்டு டாக்டர் ஒன்னுமே சொல்லல. அதான் கோயிலுக்குப் போறேன்."

அக்கா ஆற்றைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"இந்தக் கவரு மடியில கல்லு மாதிரி கனக்கும். நானும் ஒருநாள் இதே மாதிரி ஒன்ன வச்சுக்கிட்டு பஸ்ல போனவதான். பக்கத்துல யாராச்சும் கொஞ்ச நேரம் வாங்கி வச்சுக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு. இங்க குடுங்க. ஸ்ரீரங்கம் வர்ற வரைக்கும் நான் வச்சுக்கிறேன்."

நின்றுகொண்டு வருகிறவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் வாங்கி வைத்துக்கொள்வது இந்த ஊர் பஸ்ஸில் தினமும் நடப்பதுதான். உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் இருந்து இன்னொருவர் வாங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன். அந்தப் பெண் கொடுத்துவிட்டார். அக்கா ஒரு பொட்டலம் முறுக்கைப் பிரித்து அவர் கையில் வைத்து, "தங்கச்சி பேரு என்ன?" என்று கேட்டார்.

ஐயாவின் கண்கள் திறந்திருந்தன. எப்போது திறந்தாரோ. நிமிரக்கூட இல்லை, சாய்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். எஞ்சின் அப்படியே இரைந்துகொண்டிருந்தது.

பாலம் இறங்கி மாம்பழச்சாலை வந்ததும் சிக்னல் வந்தது. தேர்வாளரும் வந்தார். "சிஸ்டர், பிரசங்கம் நின்னுபோச்சா? முதல் பாயிண்ட்தானே வந்துச்சு?"

ஐயா என்னிடமிருந்து போனை வாங்கினார். "மீதி ரெண்டையும் மடியில வச்சிருக்காங்கய்யா."

"நீங்க தூங்கிட்டிருந்தீங்க. நான் பாத்தேன்."

"தூங்குனேன். இந்தம்மா பேசுறப்பெல்லாம் தூங்கித்தான் வந்திருக்கேன். இன்னைக்கு எழுப்பிட்டாங்க. அதச் சொல்றதுக்குத்தானே என்னை வச்சிருக்கீங்க?"

"பஸ் குலுங்கினதுல முழிச்சிருப்பீங்க ஐயா."

படிக்கட்டில் நின்றிருந்த கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. "சார், போன மாசம் டயரு வெடிச்சப்பவே முழிக்காதவரு சார் இவரு!"

ராஜகோபுரம் ஸ்டாப்பில் அக்கா கவரைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெண் கூட்டத்தில் மறையும்வரை அங்கேயே நின்றார். பிறகு திடுக்கிட்டு, "ஐயா, என் பரீட்சை என்னாச்சு?" என்றார். ஐயா, "காபி ஆறிப்போகும், வாம்மா" என்றார்.

பதிவை அன்று மாலையே கல்லூரிக்கு அனுப்பினேன். பதில் வர ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் அக்கா போனில் என்னிடம் நிதானமாகத்தான் பேசினார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. வந்த பதிலில் இரண்டு வரிகள். முதல் வரி, தேர்ச்சி. இரண்டாவது வரி, இனிமேல் மென்டர் தூங்குவது கேமராவில் விழாமல் பார்த்துக்கொள்ளவும். அந்த ஈஸ்டருக்கு வெளியூர் பாஸ்டர் யாரும் மணப்பாறைக்கு வரவில்லை. நீலச் சுவருக்கு முன்னால் அக்காதான் நின்று பேசினார். கமிட்டிக்காரர்கள் முறுக்கு சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்கள்.

ஐயா இப்போது கனடாவில் மகள் வீட்டில் இருக்கிறார். போய்ச் சேர்ந்த வாரமே வாட்ஸ்அப்பில் அவர் குரல் வந்தது. "ஸ்தோத்திரம், சாப்டாச்சா? இங்க ஜன்னலச் சாத்துனா உலகமே நின்னுபோயிருதும்மா. பனி விழுது, அதுக்குக்கூட சத்தமே இல்ல. ஒரு மனுஷன் எப்படித் தூங்குவான்?"

அதனால் மாதம் ஒருமுறை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பாலக்கரையில் இருந்து ஸ்ரீரங்கம்வரை அந்த இரைச்சலை அப்படியே பதிவு செய்து அனுப்புகிறேன். எஞ்சின், ஹாரன், விசில், கண்டக்டரின் கத்தல், பாலத்துக் காற்று எல்லாம் இருக்கும். போன மாதப் பதிவில், ஆற்றுக்கு நடுவே, பின் சீட்டில் யாரோ யாருக்கோ தாழ்ந்த குரலில் ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டுத்தான் அனுப்பினேன். ஐயா விழித்துக்கொள்வார்.