இன்னும் கொஞ்ச நாள் ஓடும்

சரட்... சரட்... சரட்...

உள்ளறையிலிருந்து சத்தம் வருகிறது. கூடத்தில் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக் சுருளிவேல் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சார் உள்ளே என்னதான் செய்கிறார் என்று கேட்கிறார். புஷ்பமேரி நெற்றியில் ஒரு தட்டு தட்டிக்கொள்கிறார். அந்த ஒரு தட்டில் முப்பத்தோரு வருட இல்லறம் இருக்கிறது.

வாசகர்களே, உள்ளே சத்தம் எழுப்பிக்கொண்டிருப்பவர்தான் இன்று நாம் பார்க்கப்போகும் பிறவி. பெயர் பவுல்ராஜ், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வீடு திண்டுக்கல்லில். இதெல்லாம் மேல்விவரம். இனம் என்ன என்று கேட்டால், 'இன்னும் கொஞ்ச நாள் ஓடும்' இனம். இவர்களைப் பொறுத்தவரை உலகத்தில் எந்தப் பொருளும் தேய்வதில்லை; களைத்துப்போகிறது, அவ்வளவுதான். துடைத்து, எண்ணெய் விட்டு, செத்த நேரம் ஓய்வு கொடுத்தால் அது எழுந்து உட்கார்ந்துவிடும் என்று மனப்பூர்வமாக நம்புகிறார்கள். மனிதர்களிடம் இந்த நம்பிக்கையை வைத்திருந்தால் இவர்களுக்குச் சிலை வைத்திருக்கலாம். ஆனால் நம்பிக்கை வைப்பதோ கார் என்ஜினிடம்.

இந்த இனத்தை எங்கே கண்டுபிடிப்பது? என்ஜின் பிரித்துப் போட்ட பட்டறையில் கண்டுபிடிக்கலாம். கழற்றிய உதிரிகளை ஒரு தட்டில் பரப்பி, தேய்ந்தது எது, உடைந்தது எது என்று வண்டிக்காரருக்குக் காட்டி, 'மாத்து' என்ற ஒரு சொல்லை அவர் வாயால் வாங்கிக்கொண்ட பிறகுதான் புதுசைப் பூட்டுவது சுருளிவேல் பட்டறை வழக்கம். மற்றவர்கள் தட்டைப் பார்த்து எது போச்சு என்று கேட்பார்கள். நம்மவர் எது போகவில்லை என்று கேட்பார். கருகிய வால்வைக் காட்டினால், அது வெறும் கரி, புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்பார். தேய்ந்த ரிங்கைக் காட்டினால், இது கம்பெனியிலிருந்து வண்டியோடு வந்தது, இப்போது வருவதெல்லாம் தகரம் என்று நாத்தழுதழுக்கச் சொல்வார். கடைசியில், நாலு பிஸ்டனில் ரெண்டை மட்டும் மாற்றினால் போதாதா என்பார். நாலு பிள்ளைகளில் ரெண்டு பேருக்கு மட்டும் கிறிஸ்துமஸ் சட்டை எடுத்துக் கொடுத்தால் வீடு என்ன ஆகும்? என்ஜினும் ஒரு வீடுதானே?

பவுல்ராஜின் கார் பழனி ரோட்டில் போனால், பின்னால் வருபவர்கள் நகராட்சியின் கொசுப்புகை வண்டி முன்னால் போகிறது என்று நினைத்து மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அப்படிப்பட்ட வண்டியைத்தான், வேடசந்தூரில் வாழ்க்கைப்பட்ட ஒரே மகள் ஷைனியைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர இவர் நம்பியிருக்கிறார். வாடகைக் காரில் என் மகள் வரமாட்டாள், அவள் அப்பாவின் வண்டியில்தான் வருவாள் என்று சம்பந்தி வீட்டில் நெஞ்சில் கைவைத்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நாள் ஞாயிற்றுக்கிழமை. இன்று வியாழன். நாளைக்குள் பூட்டி முடித்தால்தான் சனிக்கிழமை ஓட்டிப் பார்க்க முடியும்.

வால்வு, ரிங், பிஸ்டன் எல்லாவற்றுக்கும் மன்றாடி 'மாத்து' வாங்கிவிட்டார் சுருளிவேல். பேரிங் மட்டும் பாக்கி. கிராங்க் சுற்றுகிற இடத்தில் அதைத் தாங்கிக்கொண்டு கிடக்கும் மெல்லிய அரைவட்டத் தகடுகள். அவற்றை 'வீட்டில் வைத்து ஒருதடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்று நம்மவர் டிபன் பையில் போட்டுக்கொண்டு போனவர்தான். நாலு நாளாகிறது. போனை எடுக்கவில்லை. அதனால்தான் சுருளிவேல் வீட்டுக்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

சத்தம் நின்றது. பவுல்ராஜ் வெளியே வந்தார். ஒரு கையில் உப்புத்தாள். மறு கையில் வெள்ளைக் கைக்குட்டை. அதன்மேல், பிறந்த குழந்தையைக் கொண்டுவருவதுபோல, பேரிங்குகள். பளபளவென்று மின்னின.

"பாத்தியா சுருளி, தங்கம் மாதிரி இருக்கு. வெறும் அழுக்குய்யா. இதப் போய்த் தூக்கிப் போடச் சொன்னியே."

சுருளிவேல் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சாவு வீட்டில் துணியை விலக்கி முகம் பார்ப்பவரைப்போல வெகுநேரம் பார்த்தார்.

"சார், இது தங்கம் இல்ல, செம்பு. மேல்பூச்சு தேஞ்சாத்தான் உள்ள இருக்கிற செம்பு தெரியும். கொஞ்சூண்டு பூச்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதையும் நீங்களே வழிச்சு எடுத்துட்டீங்க."

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கதை முடிந்திருக்கும். ஆனால் இந்த இனத்தின் பெருமையே, ஆதாரத்தைக் கண்டு அஞ்சாததுதான். வேடசந்தூர் என்ன வெளிநாடா, போய்விட்டு வந்துவிடலாம் என்றார். மெதுவாக ஓட்டுகிறேன் என்றார். கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்றார். புஷ்பமேரி முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

சுருளிவேல் கோபப்படவில்லை. மேஜைமேல் கிடந்த ஒரு பழைய அழைப்பிதழை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி நீட்டினார்.

"சரி சார், இதையே பூட்டிர்றேன். நீங்க மட்டும் ஒரு வரி எழுதிக் குடுங்க. நெறமாசமா இருக்கிற என் மகள இந்த பேரிங்க நம்பி நான் கூட்டிட்டு வாரேன்னு. கையெழுத்துப் போட்டுருங்க."

தலைமையாசிரியருக்கு எழுதச் சொன்னால் பயமா? பேனாவை உதறிக்கொண்டு ஆரம்பித்தார். 'பவுல்ராஜ் ஆகிய நான், நிறைமாதமாக இருக்கும் என் மகள் ஷைனியை' என்பதுவரை அழகான கையெழுத்து. அங்கே பேனா நின்றது. ஆயிரம் பிள்ளைகளின் விடைத்தாளைத் தயங்காமல் திருத்திய கை, 'ஷைனியை' என்ற சொல்லுக்கு மேல் நகரவில்லை. மின்விசிறி சுற்றியது. புஷ்பமேரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பவுல்ராஜ் அந்த அட்டையை இரண்டாகக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"மாத்திரு" என்றார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும் எழுந்து உங்கள் வீட்டுக் குளிர்பெட்டியைத் திறந்து மேல்தட்டைப் பாருங்கள். விசிலுக்கு முன்பே ஆவி விடும் குக்கர் ரப்பரை, குளிர்ந்தால் இறுகிவிடும் என்று அங்கே வைத்தது யார்? ரப்பர்பேண்டு போட்ட டி.வி. ரிமோட்டை உள்ளங்கையில் நாலு தட்டு தட்டி உயிர் கொடுப்பது யார்? நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. கண்ணாடி முன்னால் நிற்கும்போது மட்டும், நமக்கும் அந்தச் சாயல் உண்டோ என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

சுருளிவேல் எழுந்தார். பழசு இங்கேயே இருக்கட்டும், எதற்காவது ஆகும் என்று பவுல்ராஜ் கைநீட்டினார். சுருளிவேல் கொடுக்கவில்லை. கைக்குட்டையோடு முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வேணாம் சார். இங்க வச்சிட்டுப் போனா, நாளைக்கு இதையே பூட்டுன்னு எம் பட்டறையில வந்து நிப்பீங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பவுல்ராஜ் செருப்பைத் தேடினார். அவர் அதைக் கண்டுபிடிப்பதற்குள் புஷ்பமேரி கதவைச் சாத்தி, மேல்தாழ்ப்பாளையும் போட்டார்.