தாலாட்டுக்கு வந்த பி-மதிப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே மூவரும் நலம். அதில் ஒருவன் ஏழு மாதக்காரன், அவன் தூங்கினால்தான் மற்ற இருவரும் நலம். அங்கே நீயாவது இரவில் தூங்குகிறாய் என்று நம்புகிறேன்.

திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். பகலில் குட்டியை என் வீட்டுக்காரர்தான் பார்த்துக்கொள்ளப் போகிறார். என் பாட்டில்லாமல் பிள்ளை தூங்குவானா என்று போனில் அழுதபோது, "அழாதடி, சோதிச்சுப் பாரு" என்றாய். மருந்துக் கம்பெனியில் புள்ளிவிவரம் பார்க்கிறவளிடம் ஆறுதல் கேட்டால் இதுதான் கிடைக்கும். சோதித்தேன். இருபது மதியம் காசைச் சுண்டினோம். பூ விழுந்தால் நான் பாடித் தூங்கவைப்பேன். தலை விழுந்தால் இவர் வாயைத் திறக்காமல் தோளில் போட்டு நடப்பார், நான் மொட்டைமாடிக்குப் போய்விடுவேன், என் வாடைகூடப் பிள்ளைக்கு எட்டக் கூடாதே என்று. அங்கே ஈரத் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்ற என்னை மேல்வீட்டு அம்மா, "வீட்ல சண்டையாம்மா?" என்று விசாரித்தார். "இல்லீங்க, ஆராய்ச்சி" என்றேன். இன்னும் கவலையாகப் பார்த்தார்.

தூங்க எத்தனை நிமிடம் என்று கணக்குப் போட்டேன். பி-மதிப்பு 0.62. இவர் எட்டிப் பார்த்து, "அப்போ உன் பாட்டு தண்டம்னு அறுபத்திரண்டு சதவீதம் உறுதி" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்படி இல்லீங்க. பாட்டால ஒரு வித்தியாசமும் இல்லன்னே வெச்சுக்குவோம். அப்பவும் தற்செயலா இந்த அளவோ, இதைவிட அதிகமாவோ வித்தியாசம் வர நூத்துக்கு அறுபத்திரண்டு வாய்ப்பு. அவ்வளவுதான். பாட்டு வேலை செய்யலன்னு அது சொல்லல. நீங்க பையில ஒரு தடவ துழாவிட்டு சாவி இல்லன்னு கத்துவீங்களே, சாவி அதுலதானே இருக்கும்?"

"இப்ப எதுக்கு சாவிய இழுக்கற?"

உன்னிடம் மறைக்க மாட்டேன் அக்கா. பக்கத்து வீட்டில் சுவரைத் துளைத்த மூன்று மதியங்களைக் கழித்துப் பார்த்தேன், மூன்றும் நான் பாடிய நாட்கள். 0.04! 0.05-க்குக் கீழே வந்தால் வெறும் தற்செயல் இல்லை என்று எடுத்துக்கொள்வதுதானே உங்கள் வழக்கம், துள்ளிக் குதித்தேன். "கூரியர்காரர் பெல் அடிச்சதெல்லாம் என் நாளு. அதையும் கழி" என்றார் இவர். உன் முகம் கண்ணில் வந்து நின்றது. எல்லா நாளையும் திரும்பச் சேர்த்துவிட்டேன்.

ஆக, என் பாட்டு வேண்டுமா வேண்டாமா, ஒன்றும் நிச்சயமில்லை. வேண்டாம் என்றால் நிம்மதியாக வேலைக்குப் போகலாம். ஆனால் அப்படி வந்துவிடக் கூடாதே என்றுதான் ஒவ்வொரு தடவையும் காசைச் சுண்டினேன். இன்னும் மூன்று மாதம் விடுப்புக் கேட்டு எழுதிவைத்துவிட்டேன். திட்டாதே.

அத்தானுக்கு வணக்கம். உன் சின்னவளுக்கு என் முத்தம், எழுப்பிவிடாமல் கொடு.

உன் தங்கை

பி.கு.: இதை மடிக்கும்போது குட்டி சிணுங்கினான். இவர் எழுந்து போனார். கதவருகே நின்று கேட்டேன். "ம்ம்ம்" என்று என் பாட்டு, சுருதியே இல்லாமல்.

"மத்தியானமும் இப்படித்தானா?"

"வாயத் திறக்கக் கூடாதுன்னுதானே சொன்ன? திறக்கலயே. இது இல்லன்னா தூங்க மாட்டேங்கறான், நான் என்ன பண்ண?"

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு அக்கா. இருபது நாளும் ஒரே பாட்டுதான் ஓடியிருக்கிறது. விடுப்புக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன், திங்கட்கிழமை போகிறேன். அதற்குள் இவருடைய சுருதியை மட்டும் சரிசெய்ய வேண்டும்.