எண்பத்தைந்தாம் ஆண்டுப் பிரமுகர்கள்

கொலின்ஸ் அந்தத் தாளை மேசையில் அடித்து வைத்த வேகத்தில் கிருஷாந்தினி ரீச்சரின் தேத்தண்ணிக் கோப்பை ஒருமுறை துள்ளி அடங்கியது.

"இதிலை என்ரை பேர் எங்கை ரீச்சர்?"

ஓலைத்தொடுவாய் விண்மீன் விளையாட்டுக் கழகத்துக்கு நாற்பது வயதாகிறது. விழாவுக்கு ஒரு மலர் வெளிவருகிறது. கழகம் தொடங்கிய 1985இல் இந்த மன்னார்த் தீவில் பிறந்த பிரமுகர்களுக்கு ஒரு பக்கம், அதே ஆண்டில் மறைந்த பிரமுகர்களுக்கு எதிர்ப்பக்கம். அந்த யோசனை ரீச்சருடையது, தொகுப்பும் ரீச்சருடையது, இப்போது வாசலேறி வந்திருக்கும் தலையிடியும் அவருடையதுதான். பிழை இருந்தால் சொல்லுங்கோ என்று அந்தப் பக்கங்களைக் கழகத்து வட்ஸ்அப்பில் போட்டிருந்தார். கொலின்ஸ் அதைத் தாளில் எடுத்துக்கொண்டு நேரே வந்துவிட்டான்.

"நானும் எண்பத்தஞ்சிலைதான் பிறந்தனான். வானத்திலை இருந்தே விழுந்தனான்?"

"பிறந்தால் மட்டும் காணாது அண்ணை. பேருக்குக் கீழை ஒரு வரி சாதனை போடவேணும். உங்களுக்கு என்ன போட?"

"இருவது வருசமாக் கடலுக்குப் போறன்."

"ஊரிலை பாதிப்பேர் போகினம்."

"சோளகக் காத்து அடிக்கேக்கையும் போறன்."

"அதை உங்கட மனுசி சாதனை எண்டு ஒத்துக்கொள்ளமாட்டா."

கொலின்சுக்குக் காது சிவந்தது. தாளைத் திருப்பிப் பிடித்து விரலால் குத்தினான். முதல் பேர் எருக்கலம்பிட்டி வைத்தியர் பஹ்மிதா. லண்டனில் மனிதருடைய இருதயத்தைத் திறந்து மூடுகிற பெண். அவரோடு அவனுக்கு வழக்கில்லை. இரண்டாவது அருட்தந்தை றொசாந்தன். சரி, சாமியோடு மல்லுக்கு நிற்க முடியாது. மூன்றாவது பேர்தான் அவன் தொண்டையில் முள்ளாய் நின்றது.

'ஜெகதீபன். முச்சக்கர வண்டி உரிமையாளர். கடலில் ஓர் உயிரைக் காத்தவர்.'

"ஆர், கருவாடோ? கடலிலையோ?"

கருவாடு என்று பட்டம் வைத்தவனே கொலின்ஸ்தான். கருவாட்டில் தண்ணீர் படக்கூடாது, ஜெகதீபனும் அப்படித்தான். முழங்கால் தண்ணீரில் நிற்கமாட்டான். மன்னார்ப் பாலத்தில் ஆட்டோ ஓட்டும்போதுகூட இரண்டு பக்கமும் பார்க்கமாட்டான். இருவரும் ஒரே வள்ளத்தில் அகதியாகப் போய், மண்டபம் முகாமில் ஒரே வகுப்பில் இருந்து, ஒன்றாகத் திரும்பி வந்தவர்கள். கடற்கரைப் பிள்ளையாய்ப் பிறந்தும் கடலுக்குப் பயந்தவனைக் கொலின்ஸ் அன்று தொடக்கம் மன்னித்ததில்லை.

"இது யாகப்பு ஐயா தந்த வரி. கழகத்தின்ரை முதல் தலைவர் அவர். அவர் சொன்னதை நான் வெட்டேலாது" என்ற ரீச்சர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமாதானமாகக் குரலைத் தாழ்த்தினார். "எதிர்ப்பக்கத்திலை கொஞ்சம் இடம் கிடக்கு, அண்ணை."

எதிர்ப்பக்கம் மறைந்தோர் பக்கம்.

"பேருக்குப் பக்கத்திலை ஒரு நட்சத்திரம் போட்டு, கீழை 'இவர் உயிருடன் உள்ளார்' எண்டு..."

படலையைக் கொலின்ஸ் சாத்திய சத்தம் தேவாலயம் வரைக்கும் கேட்டது.

யாகப்பு ஐயா முற்றத்தில் கதிரை போட்டு முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். தொண்ணூறாம் ஆண்டு ஊரை இந்தியாவுக்கு ஏற்றிப்போன வள்ளத்தின் ஓட்டி அவர்தான்.

"ஐயா, தீபன் ஆரைக் காப்பாத்தினவன்?"

"அது உண்மைதான் தம்பி."

"நான் பேரைக் கேக்கிறன்."

"சொல்லமாட்டன் எண்டு மடு மாதாவிலை சத்தியம் பண்ணிக்கிடக்கு. அந்த ஆள் சுகமா இருக்கிறார், அது காணும்."

"சத்தியம் பண்ணி மூடுற அளவுக்குப் பொய்யோ?"

ஐயா எண்ணெய்ப் போத்தலை மூடிவைத்தார். அதற்குமேல் கொலின்சுக்குப் பொறுமை இல்லை. கரைக்குப் போய் வள்ளம் வள்ளமாக விசாரிக்கத் தொடங்கினான். "கருவாடு உங்களிலை ஆரையும் கடலிலை காப்பாத்தினவனோ?" வயதானவர்கள் அவனை ஒருமாதிரிப் பார்த்தார்கள், ஒருவர் இருமினார், ஒருவர் அவசரமாக வலைக்குள் எதையோ தேடினார். வெட்கத்தில் தலை குனிகிறார்கள் என்று கொலின்ஸ் முடிவெடுத்தான்.

வட்ஸ்அப்பில் போட்டதை வாசிக்காத இளசுகளோ இந்தக் கதையையே அவன் வாயால்தான் முதல்முதல் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை ஓர் உயிராக இருந்தது, ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது ஒரு வள்ளம் நிறைய உயிர்களாகிவிட்டது. கொலின்ஸ் வாயைத் திறக்கத் திறக்க ஜெகதீபன் வளர்ந்துகொண்டே போனான். விழாவில் அவனுக்குப் பொன்னாடை போர்த்துவதென்று கழகம் தீர்மானித்தது.

அதைக் கேள்விப்பட்ட கொலின்ஸ் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்தான். அவனுடைய மனுசி றஞ்சிதா, "இஞ்சருங்கோ, உங்கட பேரை நான் எங்கட மதிலிலை பெரிசா எழுதிவிடுறன். இருந்து சாப்பிடுங்கோ" என்றாள்.

அவன் தாய் அகஸ்ரினா சிரிக்கவில்லை. "தம்பி, இதை இதோடை விடு. உன்ரை நல்லதுக்குத்தான் சொல்லுறன்."

"நீங்களும் அவன்ரை கட்சியோ அம்மா?"

தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜெகதீபன் வாளித் தண்ணீரில் துணியை நனைத்து ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். கொலின்ஸ் வாய்க்கு வந்தபடி ஏசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றான்.

"மச்சான், போடவேண்டாம் எண்டுதான் நானும் சொன்னனான். இப்பவே போய் எடுக்கச் சொல்லுறன்."

சொன்னபடி போனான், கேட்டான். கொலின்ஸ் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டான். மறுநாள் மலர் அச்சாகி வந்தது. ஜெகதீபனின் பேர் வைத்தியருக்கும் அருட்தந்தைக்கும் மேலே ஏறியிருந்தது. கீழே புதிதாக ஒரு வரி: 'புகழை வேண்டாத எளிமையின் வடிவம்.'

விழாவன்று தேவாலய மண்டபம் நிறைந்திருந்தது. கொலின்ஸ் முன்வரிசையில் இருந்தான். மேடையில் ஜெகதீபன், கதிரை நுனியில், யாரோ கடன்கொடுத்த நீளக்கைச் சேட்டில் வேர்த்துக்கொண்டிருந்தான். பங்குத்தந்தை பொன்னாடையை விரித்தார். கொலின்ஸ் எழுந்தான்.

"ஃபாதர், ஒரு நிமிசம்."

றஞ்சிதா அவனுடைய சேட்டைப் பிடித்து இழுத்தாள். அவன் கையைத் தட்டிவிட்டான்.

"காப்பாத்தப்பட்ட ஆள் எழும்பி நிண்டு ஓம் எண்டு சொல்லட்டும். நானே மேடைக்கு வந்து பொன்னாடை போத்துறன். இல்லையெண்டால் இந்தக் கருவாட்டைக் கீழை இறக்குங்கோ. பொய்க்குக் கை தட்ட நாங்கள் வரேல்லை."

ஜெகதீபன் மெல்ல எழுந்து படியிறங்கி வந்தான். "விடுங்கோ ஃபாதர். எனக்கு வேண்டாம்" என்றவன் கடைசிப் படியில் அப்படியே குந்திவிட்டான்.

இரண்டாம் வரிசையில் இருந்து அகஸ்ரினாவின் குரல் வந்தது. "காணும்."

"அகஸ்ரினா, சத்தியம்..." என்றார் யாகப்பு ஐயா.

"உங்களிட்டைச் சத்தியம் வாங்கினது நான்தானே அண்ணை. நானே திருப்பித் தாறன்." அவள் இருந்த இடத்தில் இருந்தபடியே, மகனைப் பார்க்காமல் சொன்னாள். "இந்தியாவுக்குப் போகேக்கை ஒரு சின்னப்பிள்ளை வள்ளத்தாலை விழுந்தது. பெரியாக்கள் ஒருத்தரும் காணேல்லை. பக்கத்திலை இருந்த தீபன்தான் அதின்ரை தலைமயிரை எட்டிப் பிடிச்சவன். அவனுக்கும் அப்ப அஞ்சு வயசு. பிள்ளையின்ரை பாரம் இழுக்க இழுக்க, இடுப்பளவு கடலுக்குள்ளை தொங்கிக்கொண்டு, நாங்கள் பிடிச்சுத் தூக்குமட்டும் விடேல்லை. அந்த நாளிலை இருந்துதான் அவனுக்குத் தண்ணியைக் கண்டால் நடுக்கம். விழுந்த பிள்ளைக்கு ஒரு ஞாபகமும் இல்லை. கடலுக்குப் போய்ப் பிழைக்கவேண்டிய பிள்ளைக்கு அந்தப் பயம் வரக்கூடாது எண்டுதான் எல்லார்ரை வாயையும் பூட்டினது."

ஜெகதீபன் தலை குனிந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

கொலின்சின் கோபம் இன்னும் ஓடித்தான் கொண்டிருந்தது. இயந்திரத்தை நிறுத்திய பிறகும் வள்ளம் கொஞ்சத் தூரம் போகுமல்லவா, அப்படி.

"நல்ல கதை. அப்ப அந்தப் பிள்ளை எங்கை?" அவன் மண்டபத்தைச் சுற்றிவரப் பார்த்தான். முன்வரிசை, பின்வரிசை, சுவரோரம். பங்குத்தந்தை வரைக்கும் எல்லாரும் அமர்ந்த இடத்தில் அசையாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எழும்பி நிக்கச் சொன்னனான்தானே. ஆர் நிக்கிறது? ஒருத்தரும் இல்லை, பாத்தீங்களோ?"

அகஸ்ரினா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை அண்ணாந்து பார்த்தாள்.

"நீதானே தம்பி நிக்கிறாய்."