டாகெட்டின் மனசறிந்தவர்

அமெரிக்க அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் மனசில் என்ன நினைத்திருந்தார்கள் என்று அச்சுப்பிசகாமல் சொல்லும் ஓர் இனம் உண்டு. எழுதியவர்கள் போய்ச் சேர்ந்து இருநூறு வருஷமாகிறது. உயிரோடிருந்தபோது அவர்களே ஒரு கோடைகாலம் முழுக்க ஒருவரோடொருவர் மல்லுக்கட்டினார்கள். அதனால் என்ன? இந்த இனத்துக்குச் சந்தேகமே வராது.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஆஷ்பி மில்ஸ் என்ற சிற்றூரில் வாழும் பேராசிரியர் ஆர்லோ பென்ஹாலோ இந்த இனத்தின் அசல் சரக்கு. அந்தச் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுக்க அந்தக் காலத்தில் அந்த ஊரிலிருந்து பிரதிநிதியாகப் போன எபனேசர் டாகெட்டைப் பற்றி நான்கு பாகங்கள் எழுதியவர். எதற்கெடுத்தாலும் அவருக்கு டாகெட்தான் சாட்சி. ரொட்டிக்கடையில் வரிசை நீண்டால் டாகெட் பொறுத்திருக்க மாட்டார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் டாகெட் கண்டித்திருப்பார். நூலகத்தில் நாற்காலியை இடம் மாற்றினால் டாகெட் வெகுண்டெழுந்திருப்பார். டாகெட்டுக்கும் பென்ஹாலோவுக்கும் ஒரு தடவைகூடக் கருத்து வேறுபாடு வந்ததில்லை. என்ன பொருத்தம்!

இந்த மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில், தபால் நிலைய முக்கில் சிக்னல் விளக்கு வைக்கலாமா என்று பேச்சு வந்தது. போன இலையுதிர்காலத்தில் அங்கேதான் ஒரு லாரி, பள்ளிக்கூடச் சமையற்காரி வில்டா குரோவரை இடித்துத் தள்ளியது. கம்பம் நடவேண்டிய இடமோ, பென்ஹாலோ எழுத உட்காரும் ஜன்னலுக்கு நேர் எதிரே.

அவர் எழுந்தார். "சட்டத்தோட மூலப்பிரதியில சிவப்பு விளக்குன்னு ஒரு வார்த்தை இருக்கா? சுதந்திர மனுஷனை ஒரு விளக்கு நிறுத்துறதா? டாகெட் சம்மதிச்சிருக்கவே மாட்டார்!"

"டாகெட் லாரி ஓட்டுவாரா, புரொபசர்?" என்றது பின் வரிசை.

வில்டா கைத்தடியை ஊன்றி எழுந்தாள். "நான் ரெண்டு மாசம் படுக்கையில கெடந்தப்ப உங்க நாலு பாகத்தையும் படிச்சேன்."

"நாலுமா!" என்றார் யாரோ, மனசார இரக்கப்பட்டு.

"மூணாம் பாகம், நானூத்திப் பன்னெண்டாம் பக்கம், அடிக்குறிப்பு. டாகெட் தம்பிக்கு எழுதுன கடுதாசி. 'நாளைக்கு இந்தத் தெருவுல நடக்கிறவனுக்கு என்ன வேணும்னு எனக்கெப்படித் தெரியும்? அவனே முடிவு பண்ணட்டும், என்னை இழுக்காதீங்க.' நீங்க எடுத்துப் போட்டதுதானே, புரொபசர்?"

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. பென்ஹாலோவின் காது சிவந்தது. ஆனால் அவர் கோபப்படவில்லை. முதல் பாகம் வெளிவந்து கழிந்த பதினெட்டு வருஷத்தில், வாங்கியவர்கள் உண்டு, அலமாரியில் வைத்தவர்கள் உண்டு. பக்க எண்ணோடு பேசியவர் ஒருவருமில்லை.

"அடிக்குறிப்பு வரைக்குமா படிச்சீங்க?" என்று கேட்டார்.

"வேற என்ன பண்றது? கால் கட்டுல இருந்துச்சே."

வாக்கெடுப்பில் விளக்குக்கு ஆதரவாக முதலில் உயர்ந்தது அவர் கைதான். மே மாதம் கம்பம் நட்டார்கள். ஜூனில் உள்ளூர் வாரப் பத்திரிகையில் அவர் கட்டுரை வந்தது: சிக்னல் விளக்கு, டாகெட் கண்ட கனவு.

சிரிக்கிறீர்களா? நல்லது. வீட்டுச் சண்டையில், "அப்பா மட்டும் இப்ப இருந்திருந்தா..." என்று நீங்கள் கடைசியாக ஆரம்பித்தது எப்போது? அப்படி வரவழைத்த அப்பா, ஒரு தடவையாவது உங்களுக்கு எதிராகப் பேசியிருக்கிறாரா?