நைட்ரேட் சாரின் தக்காளிப் பாத்தி

குளத்துத் தண்ணீரைக் குப்பியில் பிடித்துச் சோதிக்கும் உத்தியோகம் அவருக்கு. எதிரில் யார் வந்தாலும் நிறுத்திவைத்து, "உரத்தை அள்ளிக் கொட்டாதீங்க. மண்ணு ஓரளவுக்குத்தான் பிடிச்சு வெச்சுக்கும். மிச்ச நைட்ரேட் தண்ணியோட கரைஞ்சு குளத்துக்கு வந்துடும். பாசி மூடி மீன் செத்துடும். கரையோரம் புல்லாவது வளர்த்து வைங்க, அது உறிஞ்சிக்கும்" என்று ஆரம்பித்துவிடுவார். தெரு அவருக்கு வைத்த பெயர் நைட்ரேட் சார்.

அப்பேர்ப்பட்டவர்தான் மனைவியிடம் பந்தயம் கட்டினார். அவர்கள் வீட்டுப் பின்பக்கத் தோட்டம் குளத்தை நோக்கிச் சரிந்து இறங்கும். மேல் பாதியில் அவர் தக்காளி, கீழ்ப் பாதியில் அவள் பூசணி. யார் பாத்தி நன்றாகக் காய்க்கிறது என்று பார்ப்பது. உரம் கூடாது. தோற்பவர் ஒரு வருஷம் பாத்திரம் தேய்க்க வேண்டும்.

"யாராவது திருட்டுத்தனமா உரம் போட்டா?" என்று கேட்டாள் அவள்.

"போட்டவங்க தோத்தாங்க" என்றார் கம்பீரமாக.

பத்தே நாளில் தக்காளிச் செடி சவலைப் பிள்ளை மாதிரி நின்றது. கொள்கையா, மானமா? பாவம், மனிதர் என்ன செய்வார். அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்து யூரியாவைக் கை நிறைய இறைத்து, குழாயைத் திறந்துவிட்டார். தினமும் இதே திருப்பணி.

அவள் தன் பாத்திக்கு மேலே ஒரு பள்ளம் வெட்டிச் சருகு போட்டாள். பாத்திக்குக் கீழே குளக்கரையோரம் அடர்த்தியாகப் புல் வளர்த்தாள். எதற்கு என்றால், "பாக்க நல்லா இருக்கும்ல" என்றாள். தெருவுக்கே பாடம் எடுத்தவருக்கு அது உறைக்கவில்லை.

இரண்டு மாதத்தில் தக்காளி இலையெல்லாம் யூரியா மிஞ்சிக் கருகிவிட்டது. பூசணியோ வேலியேறிக் காய்த்துத் தள்ளியது. அவருக்குச் சந்தேகம் வந்தது. பள்ளத்துத் தண்ணீரை ஆபீஸுக்கு எடுத்துப் போய்ச் சோதித்து, ரிப்போர்ட்டோடு ஓடிவந்தார்.

"மாட்டினியா? உன் பள்ளத்துல அவ்வளவு நைட்ரேட். நீ உரம் போட்டிருக்கே."

"சோதனை தப்பாகாதே?"

"இருபது வருஷ சர்வீஸ். என் கையெழுத்தே இருக்கு, பாரு."

"அந்தப் பள்ளத்துக்குத் தண்ணி எங்கேருந்துங்க வருது?"

அவர் தக்காளி இருந்த மேட்டைப் பார்த்தார். ரிப்போர்ட்டை மெதுவாக மடித்தார்.

"பாத்ரூம் ஜன்னல் தோட்டத்தைப் பாத்துதானே இருக்கு" என்றாள். "முதல் நாளே பாத்துட்டேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நிறுத்திடுவீங்க. அப்புறம் என் பூசணிக்கு யாரு போடறது?" அவள் குரல் தணிந்தது. "ஆனா அந்தப் புல்லு உங்களுக்காகத்தான். மிச்சம் மீதி குளத்துல இறங்கிப் பாசி பிடிச்சா, உங்க மேல நீங்களே ரிப்போர்ட் எழுதணும். அந்த அவமானம் உங்களுக்கு வேணாம்."

அவருக்கு இப்படி ஒருத்தியிடம் தோற்பதில் வெட்கமே இல்லை என்று தோன்றியது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு பாத்திரம் தேய்க்கப் புறப்பட்டார்.

"அது அப்புறம் ஆகட்டும்ங்க" என்றாள் அவள், துண்டை எடுத்துத் தோளில் போட்டபடி. "நான் குளிக்கப் போறேன். இன்னும் நாலு காய் பிஞ்சாவே நிக்குது."