பன்னீரைட்

என் பெயரில் ஒரு கல் உலகத்தில் இருந்திருக்க வேண்டும். (திறப்புவிழாக் கல்வெட்டு இல்லைங்க, பூமிக்குள் விளைகிற நிஜக் கல்.) அதைக் கெடுத்துக்கொண்டவன் அடியேன் பன்னீர்செல்வம்.

என் மனைவியின் தம்பி சுரேஷ் வெளிநாட்டுச் சுரங்கத்தில் வேலை பார்க்கிறான். ஒருமுறை லீவில் வந்தபோது தேங்காய் அளவில் ஒரு கறுப்புக் கல்லைக் கொண்டுவந்தான்.

"இதுக்குள்ள செம்பு, நிக்கல், பிஸ்மத், கந்தகம் நாலும் சேர்ந்த கனிமம் துளியூண்டு இருக்கு, அத்தான். இன்னும் யாரும் பேர் வைக்கல. ஆராய்ச்சி முடிஞ்சா உங்க பேரையே வைக்கச் சொல்றேன். பன்னீரைட்!"

"வயித்துப்போக்கு மாத்திரை மாதிரில்ல இருக்கு" என்றாள் மனைவி. அதற்குள் நான் நீடாமங்கலம் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

"பத்திரம் அத்தான், இருக்கறது இது ஒண்ணுதான்" என்று கல்லை ஒப்படைத்துவிட்டு, சுரேஷ் மயிலாடுதுறைக்குக் கல்யாணம் ஒன்றுக்குப் போனான். அன்றைக்குப் பார்த்து, ரோட்டில் காயப்போட்டிருந்த என் குறுவை நெல்லுக்கு மேலே மேகம் திரண்டது. மூடிய தார்ப்பாய் காற்றில் பறக்கிறது. எங்கள் வண்டல் மண்ணில் பாரம் வைக்கக் கல்லுக்கு எங்கே போவது? வீட்டுக்கு ஓடினேன். பன்னீரைட் வந்து தார்ப்பாய்மேல் உட்கார்ந்தது.

மழை ஏமாற்றிவிட்டுப் போனது. மறுபடி வந்துவிடுமோ என்ற அவசரத்தில் நெல்லோடு கல்லையும் மூட்டைக்குள் அள்ளிவிட்டோம். கொள்முதல் நிலையத்தில் மூட்டையைக் கொட்டியபோதுதான் 'டங்'கென்று சத்தம்.

"யாரு மூட்டைங்க இது? எடைக்குக் கல்லைப் போட்டிருக்கீங்களா?" என்று கத்தினார் எடை போடுபவர். வரிசையே திரும்பிப் பார்த்தது. ஒத்துக்கொண்டால் மொத்த நெல்லையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"எனக்கும் அந்தக் கல்லுக்கும் சம்பந்தமே இல்லைங்க!" என்றேன். (இன்னும் கொஞ்சம் மிரட்டியிருந்தால் நெல்லுக்கும் எனக்கும்கூட இல்லை என்றிருப்பேன்.)

மூட்டை தூக்குபவர் அதை எடுத்து, கையை ஒரு சுழற்றுச் சுழற்றி, நிலையத்துக்குப் பின்னால் ஓடிய வெண்ணாற்றில் வீசினார்.

சுரேஷ் திரும்பி வந்தான். "அத்தான், கல்லு?"

"நெல்லு நல்ல விலைக்குப் போச்சுப்பா."

"கல்லு, அத்தான்!"

நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லவேண்டியதாயிற்று. இருவரும் கழுத்தளவு தண்ணீரில் இருட்டும்வரை துழாவினோம். கிடைத்தது ஒற்றைச் செருப்பு. அந்தக் கனிமத்துக்கு இன்றுவரை பெயர் இல்லை.

போன மாதம் என் மகளுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டார் முன்னால் சுரேஷ் என் தோளில் கை போட்டான்.

"இவருதாங்க பொண்ணோட அப்பா. சத்தம் போட்டு மட்டும் கேட்டுடாதீங்க, சம்பந்தமே இல்லைன்னுடுவாரு."

முதலில் சிரித்தது என் மகள்தான்.