வாசலுக்கு ஆட்டோ வரும் நாள்

உலகத்தில் எல்லாரும் இந்த வருசத்தில்தான் வாழ்கிறார்கள். ஒரே ஒருத்தர் மட்டும் அடுத்த வருசத்தில் வாழ்ந்தார். விருதுநகரில் எங்க எதிர்வீடு. பேர் தேதி அண்ணாச்சி. அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று ரேசன் கார்டில் இருந்தது. அது ரேசன் கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் அண்ணாச்சிக்கு வேலை. தினமும் டிபன் கேரியரோடு பஸ் ஏறுவார். தினசரிக் காலண்டர் தாளில் திதி, நட்சத்திரம், ராகு காலம், அன்றைக்கு என்ன விசேஷம் என்று போடுகிறார்களே, அதை அச்சுக்குப் போகும் முன்னால் கடைசியாகப் பார்த்து 'சரி' போடுகிற ஆள் அவர். ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருசக் காலண்டர் சாம்பிள் வெளியே வந்தாக வேண்டும். அதனால் நாமெல்லாம் சித்திரை வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போது, அண்ணாச்சி அடுத்த வருச மார்கழியில் இருப்பார். இப்படியே இருபது வருசம். மனுசன் மூளை என்னத்துக்கு ஆகும்?

ஒரு ஐப்பசி விடியற்காலையில் டமார் என்று ஒரு சத்தம். எங்க பக்கத்தில் வெடிச் சத்தம் கேட்டால் யாரும் தீபாவளி என்று நினைக்க மாட்டார்கள். எந்தத் திசையில் பட்டாசு ஆலைப் புகை என்றுதான் பார்ப்பார்கள். தெருவே பதறிப்போய் வெளியே வந்தது. பார்த்தால், எண்ணெய் தேய்த்துக் குளித்த தலை, மூலையில் மஞ்சள் தடவிய புது வேட்டி, கையில் ஊதுபத்தி, அண்ணாச்சி நிற்கிறார். தீபாவளிக்கு இன்னும் பத்து நாள் கிடக்கிறது.

"என்ன அண்ணாச்சி இது?"

"இன்னைக்குத்தானலே தீபாவளி?"

"அது அடுத்த வருசத் தேதி!"

அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார். உள்ளேயிருந்து அவர் சம்சாரம் பேச்சியம்மா மதினி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார்கள். "அவுக கிறுக்கு ஊரறிஞ்சது தம்பி. கேள்வி கேக்காம எண்ணெ தேய்ச்சுவிட்டேன் பாருங்க, நான்தான் பெரிய கிறுக்கி." அன்றைக்குத் தெருவில் எல்லா வீட்டுக்கும் மதினி சுட்ட பணியாரம் வந்தது. நாங்கள் மட்டும் அந்த வருசம் ரெண்டு தீபாவளி கொண்டாடினோம்.

சண்டைகூட அவருக்கு நேரம் பார்த்துத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் குழாய்த் தண்ணி விசயமாகக் கத்திக்கொண்டு வந்தார். அண்ணாச்சி அசையவே இல்லை. "இப்ப ராகு காலம் ஓடுது. ஆறு மணிக்கு மேல வாங்க, நல்லா ஆற அமர வைதுக்கிடுவோம்" என்றார். ஆறு மணிக்கு அண்ணாச்சி சட்டையெல்லாம் போட்டுத் தயாராக நின்றார். பக்கத்து வீட்டுக்காரர் கோபம் ஆறிப்போய் வந்து காப்பி குடித்துவிட்டுப் போனார்.

இப்படிப்பட்ட மனுசனுக்கு வந்து வாய்த்தது எங்க தெரு ரோடு.

ரெண்டாயிரத்து நாலு, அஞ்சு வாக்கில் யாரோ வந்து தோண்டினார்கள். எந்த ஆபீஸ் என்று இன்று வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. ஒருத்தர் தோண்டிவிட்டுப் போக, இன்னொருத்தர் வந்து மூடினார். மூடின மண் காயுமுன்னே மூணாவது ஆள் கடப்பாரையோடு வந்து நின்றார். சாக்கடை என்றார்கள், தண்ணிக் குழாய் என்றார்கள், கேபிள் என்றார்கள். வீட்டுக்கு வீடு குழிமேல் ஒரு பலகை. தபால்காரர் தெருமுனை மண்மேட்டில் ஏறி நின்று பேரைச் சொல்லிக் கூப்பிடுவார், நாங்கள் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். புதுப் பொண்ணு ஒருத்தி அந்தப் பலகை மேல் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்துதான் புகுந்த வீட்டுக்குள் வந்தாள்.

ஆனி மாசம் பேச்சியம்மா மதினி அந்தப் பலகையிலிருந்து வழுக்கிக் குழிக்குள் விழுந்துவிட்டார்கள். இடுப்பு எலும்பு போயிருச்சு. ஆட்டோ தெருமுனையைத் தாண்டி வராது. நாலு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம், மதுரையில் கம்பி வைத்துத் திரும்பி வந்தபோதும் நாங்கள்தான் தூக்கினோம். வாசலில் இறக்கினதும் மதினி சொன்னார்கள்: "போதும்யா. இன்னொருக்க நாலு பேரு என்னத் தூக்குறதுக்குன்னு ஒரு நாள் வரும். அன்னைக்குத் தூக்குங்க. அதுக்கு முந்தி இந்த வாசலுக்கு ஆட்டோ வந்தாத்தான் நான் வெளிய வருவேன்."

சொன்னால் சொன்னதுதான். கம்பு ஊன்றி வீட்டுக்குள்ளே நடப்பார்கள், வாசல்படி தாண்ட மாட்டார்கள். அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. எங்க ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குப் பொருட்காட்சி போடுவார்கள் இல்லையா, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மதினி அதை ஒரு வருசம் விட்டதில்லை. பெரிய ராட்டினத்தில் ஏற வேண்டும், முறம் அளவுக்கு டெல்லி அப்பளம் தின்ன வேண்டும். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. வருசத்துக்கு ஒருநாள் ரெண்டு பேரும் பிள்ளைகளாகிக்கொள்வார்கள்.

அண்ணாச்சி நேரே போய் காண்ட்ராக்டரை மறித்தார்.

"எப்ப முடிப்பீக?"

"சீக்கிரம் முடிச்சிருவோம்."

"சீக்கிரம்னு காலண்டர்ல ஒரு தேதி கிடையாதுங்க. தேதி சொல்லுங்க."

காண்ட்ராக்டர் தப்பித்தால் போதும் என்று, "பங்குனி ஒண்ணு. எழுதி வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்.

பாவி மனுசன், எழுதி வைக்கச் சொன்னது தப்பான ஆளிடம். அடுத்த வருசக் காலண்டர் அச்சுக்குப் போகிற நேரம் அது. அண்ணாச்சி எழுதி வைத்தார். பங்குனி ஒண்ணாந் தேதித் தாளில், 'மாதப் பிறப்பு' என்று இருந்ததற்குக் கீழே, விசேஷத்தோடு விசேஷமாக 'வாசலுக்கு ஆட்டோ வரும் நாள்' என்று ஒரு வரி சேர்த்து, அவரே 'சரி'யும் போட்டுவிட்டார். அந்தத் தாள் எந்தெந்த ஊருக்கோ, எந்தெந்தக் கடைக்கோ போய்ச் சேர்ந்தது. வீட்டில் ஒரு காலண்டரை மாட்டி மதினியிடம் காட்டினார். "பாரு, அச்சுலயே வந்திருச்சு. இனி எவன் மாத்த முடியும்?"

பங்குனி ஒண்ணும் வந்தது. அண்ணாச்சி லீவு போட்டு, வெள்ளை வேட்டி கட்டி, தெருமுனையில் ஒரு ஆட்டோவோடு நின்றார். மதினி பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து நிலைப்படிக்கு உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் குழி போன வாரத்தைவிட ஒரு அடி ஆழமாக இருந்தது.

ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, நான் ஓட்டுறது ஆட்டோ. படகு இல்ல."

நாங்கள் நாலைந்து பேர் ஓடினோம். "மதினி, நாற்காலியோட அலுங்காமத் தூக்கிருவோம்" என்றோம். மதினி முறைத்த முறைப்பில் பின்வாங்கிவிட்டோம். அண்ணாச்சி பலகை மேல் நடந்து வந்து வாசலில் நின்றார். இருபது வருசத்தில் ஒரு தேதி தப்பாகப் போனதை அன்றைக்குத்தான் பார்த்தார் போல, முகத்தில் ஈயாடவில்லை. மதினிதான் சிரித்தார்கள்.

"இதுக்குப் போயி ஏங்க மூஞ்சியத் தொங்கப் போடுறீக? நீங்கதான் எப்பவும் அடுத்த வருசத்துல இருக்கீகளே. என்னையும் அங்கன கூட்டிட்டுப் போங்க."

மறுநாள் கம்பெனியில் தாளில் சேர்த்த அந்த ஒரு வரிக்காக முதலாளி கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்துவிட்டார். அண்ணாச்சி டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு கிளம்பப் போனார். அப்போது எங்கேயோ ஒரு ஊர்க் கடைக்காரர் போன் பண்ணினார். அவர் கடைக் காலண்டரைப் பார்த்துவிட்டு அந்த ஊர் ஸ்டாண்டு ஆட்டோ எல்லாவற்றுக்கும் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, சுண்டல் கொடுத்துப் பூசை நடத்திவிட்டார்களாம். அடுத்த வருசம் அந்த விசேஷம் எந்தக் கிழமை வருகிறது என்று கேட்டார். முதலாளி போனை வைத்துவிட்டு "போய் வேலையப் பாருய்யா" என்றார்.

அந்த ஆடியில் மதினி போய்விட்டார்கள். காய்ச்சல் என்று நாலு நாள் படுத்தார்கள், அவ்வளவுதான். அப்போதும் குழி அப்படியேதான் கிடந்தது. நாங்கள் நாலு பேர்தான் பலகை மேல் தூக்கிக்கொண்டு போனோம். பின்னாலேயே வந்த அண்ணாச்சி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "மெதுவாப்பா. அங்கன பலகை ஆடும்." எனக்கு அந்த ரோட்டுக்காரர்கள் மேல் வந்த ஆத்திரம் இன்றைக்கும் தீரவில்லை.

கார்த்திகையில், யாரும் கேட்காமல், யாரும் தேதி சொல்லாமல், ரெண்டே நாளில் ரோட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மூணாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் வாசலில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். புதுத் தார் மேல் ஒரு ஆட்டோ வழுக்கிக்கொண்டு வந்து எதிர்வீட்டு வாசலில் நின்றது. அண்ணாச்சி இறங்கினார். உள்ளே போகவில்லை. வாசல்படிக்கு முன்னால் நின்று, வீட்டைப் பார்த்து, "பேச்சி, ஆட்டோ வந்திருச்சு" என்றார்.

ஆட்டோக்காரருக்கு விவரம் தெரியாது. "யாரு ஏறணும் அண்ணாச்சி?" என்று கேட்டார்.

நான் வாயைக் கொப்பளித்துவிட்டு, கைலியோடு, சட்டைகூடப் போடாமல் ஓடிப் போய் ஏறி உட்கார்ந்தேன்.

"நான்தான்ப்பா. அண்ணாச்சி, ஏறுங்க."

"எங்கலே போகணும்?"

"எங்கயாவது போவோம். ஏறுங்க நீங்க."

ஏறினார். தெருவைத் தாண்டி, பஜாரைத் தாண்டி, சூலக்கரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தோம். வழி முழுக்க அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்க அப்பா கையைக்கூட நான் அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு இருந்ததில்லை. வீட்டு வாசல் வந்த பிறகும் விட மனசில்லாமல், இன்னொரு சுற்று போகச் சொன்னேன்.